நூற்றுப்பதினேழின் வலப்பக்கம்

ரிட்சுகோ எண்ணிப் பார்த்தாள். எஞ்சினின் இடப்பக்கத்தில் அறுபத்து மூன்று பாகங்கள். வலப்பக்கத்தில் பதினொன்று.

அம்மா மசுயோ போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பூசை மாடத்துக்கு அருகில், செய்தித்தாள் விரித்த தாழ்மேசையில் அந்தப் பித்தளை எஞ்சின் நின்றது. முக்கால் முழ நீளம். கறுப்புப் பூச்சு காய்ந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இடப்பக்கமாக உட்கார்ந்து பார்த்தால் இப்போதே ஊதிவிட்டுக் கிளம்பிவிடும் போலிருந்தது. மறுபக்கம் சென்று பார்த்தால் வெறும் கறுப்புத் தகட்டுக் குழல்.

ரிட்சுகோவுக்கு ஐம்பத்தேழு வயது. குமாமோட்டோவில் ஒரு தொழிற்சாலையின் அளவுச் சோதனைப் பிரிவில் முப்பத்து மூன்று வருடமாக இருக்கிறாள். அளப்பதும் எண்ணுவதும் அவளுக்குக் கைவந்தவை. இந்தப் பத்தொன்பது நாளில் வேறு எதுவும் வரவில்லை.

எஞ்சினுக்கு எண் தகடு இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, டிரைவர் அறையின் இரு பக்கமும் ஒவ்வொன்று என நான்கு தகடுகள் வர வேண்டும். நான்கு இடத்திலும் ஊசித்துளைகள் மட்டும் இருந்தன. தகடுகள் பழைய எஞ்சின் டிரைவர், கிழவர் குரானகாவின் தகரப் பெட்டியில் இருந்தன. அவர் தர மறுத்து மூன்று வருடம்.

எண் இல்லாத எஞ்சின் பெயர் வைக்காத பிள்ளை என்று அம்மா சொல்வாள். ஆகஸ்டில் அம்மாவுக்கு முதல் ஓபோன் வருகிறது. போனவர்கள் முதல் தடவையாக வீட்டைத் தேடி வரும் நாள். அதற்குள் அந்த நான்கு தகடுகளும் இதில் ஏற வேண்டும். ரிட்சுகோவின் மனதில் அது ஒன்றுதான் இருந்தது.

மசுயோ பதினெட்டு வயதில் கமிட்சுரு நிலையத்தில் பெட்டிச் சோறு விற்க வந்தவள். தோளில் பட்டை மாட்டி வயிற்றுக்கு முன்னால் தொங்கவிட்ட மரத்தட்டில் முப்பது சோற்றுப் பெட்டிகளும் பன்னிரண்டு குடுவைத் தேநீரும் இருக்கும். மலை ஏறுகிற வண்டி தண்ணீர் பிடிக்க அங்கே ஒன்பது நிமிடம் நிற்கும். அந்த ஒன்பது நிமிடத்தில் நடைமேடையை இரண்டு தடவை முழுதாக நடந்துவிட வேண்டும். கோழிக்கறிச் சோறு முதலில் தீரும், ஊறவைத்த முள்ளங்கி போட்டது கடைசியில். பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் சுமந்தாள். தட்டு வயிற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டது, தோளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது என்று பிற்பாடு சிரித்தபடி சொல்வாள். வலது தோளில் பட்டை பதிந்த பள்ளம் கடைசிவரை நிறையவில்லை. உடலைத் துடைத்த அன்று ரிட்சுகோ அதில் விரல் வைத்துப் பார்த்தாள். விரல் சரியாக உட்கார்ந்தது.

மலை முனையில் எஞ்சினைத் திருப்ப வசதி கிடையாது. ஏறும்போது முகம் முன்னால், இறங்கும்போது முதுகு முன்னால். கமிட்சுருவில் நடைமேடையும் ஒன்றுதான். ஆகவே எந்த வண்டி வந்தாலும் அது மசுயோவுக்குக் காட்டியது இடப்பக்கத்தை மட்டும். டிரைவர் உட்காரும் பக்கம் அது.

நூற்றுப்பதினேழாம் எண் எஞ்சினை ஓட்டிய டிரைவர் குரானகாவுக்கு ஒரு பழக்கம். தேநீர் குடித்து முடித்ததும் வண்டலை ஜன்னல் வழியாகப் பார்க்காமல் வீசுவார்.

"டிரைவரையா! மேலேர்ந்து கொட்றதுக்கு நான் என்ன சாக்கடையா?"

"அட, நீ அங்கயா நின்னே? குரல் கேட்டுச்சு. ஆள் தெரியல."

"குரல் கேட்டா ஆளும் இருக்கும்யா. குரல் தனியா வந்து சோறு விக்குமா?"

"சரி சரி, ரெண்டு பெட்டி குடு."

"வண்டலோடயா, இல்லாமலயா?"

கணவன் மரலாரி ஓட்டியவன். ரிட்சுகோவுக்கு இரண்டு வயதாக இருக்கையில் ஒரு மழைநாளில் மலை வளைவில் லாரியோடு போய்விட்டான். அதன்பிறகு குழந்தையைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த காப்பகத்தில் விட்டுவிட்டு மசுயோ நடைமேடைக்கு ஓடுவாள். நீராவி எஞ்சின்கள் நின்று டீசல் வண்டிகள் வந்தன. அவற்றுக்குத் தண்ணீர் வேண்டாம். நிற்பது ஒரு நிமிடம். ஒரு நிமிடத்தில் யார் சோறு வாங்குவார்கள்? மசுயோ தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஊருக்கு வெளியே புதிதாக வந்த ரேடியோ தொழிற்சாலைக்குப் போனாள். இருபத்தாறு வருடம் சால்டரிங், ஈயப் பற்று வைக்கிற வேலை. ஒரு பற்றுக்கு ஒன்றரை விநாடி. அதற்கு மேல் சூடு காட்டினால் பாகம் செத்துவிடும், குறைத்தால் பிடிக்காது.

ரயில்காரர்களிடமிருந்து அவள் ஒன்றைக் கூடவே எடுத்து வந்திருந்தாள். அவர்கள் எதைச் சரிபார்த்தாலும் விரல் நீட்டி, வாய்விட்டுச் சொல்லி, "யோஷி!" என்று முடிப்பார்கள், சரி என்று பொருள். வீட்டைப் பூட்டும்போது மசுயோவும் வாசலில் நின்று விரல் நீட்டுவாள். "காஸ், யோஷி! குழாய், யோஷி! ரிட்சு மூக்கு... ஒழுகுது. துடை. யோஷி!" பள்ளித் தோழிகள் எதிரில் ரிட்சுகோவுக்கு மானம் போகும். இன்று அவளும் தொழிற்சாலையில் நாளுக்கு நாற்பது தடவை விரல் நீட்டுகிறாள்.

மசுயோவுக்கு எழுபத்திரண்டு வயதாக இருந்தபோது, பழைய எஞ்சின்காரர்களின் சங்கம் தங்கள் கூட்டத்தில் மாதிரி எஞ்சின்களை வரிசையாக வைத்திருந்தது. அவளும் பார்க்கப் போனாள். ஒன்றின் முன்னால் நின்று, "இது நூற்றுப்பதினேழு இல்ல" என்றாள்.

"எப்டிச் சொல்றே?" என்றார் செய்தவர்.

"இடப்பக்க ஏறுபடி உள்ள வளைஞ்சிருக்கணும். சாமான் தள்ற வண்டியக் கொண்டுபோய் மோதினாங்க."

"யாரு மோதினது?"

"நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். "அவ்ளோ தெரிஞ்சா நீயே ஒண்ணு செய்யேம்மா" என்றார் சங்கத் தலைவர் குரானகா.

மறுநாளே மாதிரி எஞ்சின் செய்யும் பாகத் தொகுப்பு ஒன்றுக்குச் சொல்லி அனுப்பினாள். வந்த பெட்டியில் எஞ்சின் இல்லை. தட்டையான பித்தளைத் தகடுகளும் கம்பிகளும் சக்கரங்களும் வரைபடமும் இருந்தன. தகட்டிலிருந்து ஒவ்வொரு பாகமாக அறுத்து, அரம் போட்டு, வளைத்து, ஈயம் வைத்துச் சேர்க்க வேண்டும். சமையலறை மேசையில் ஐந்து வருடம். சின்னக் குழாய்களைப் பிடிக்கச் சாமணம் உதவாது, உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அவள் சாப்பாட்டுக் குச்சிகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிடித்தாள். ஒன்றரை விநாடி. ரிட்சுகோ ஊருக்கு வந்த ஒரு நாள் பூதக்கண்ணாடி வைத்து அந்தப் பற்றுகளைப் பார்த்தாள். ஓரிடத்திலும் ஈயம் வழியவில்லை. அவளுடைய பிரிவில் இப்படி வைக்க யாருமில்லை. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. "பரவாயில்ல" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரி எஞ்சின் என்றாலும் பட்டறையிலிருந்து வெளியேறும் நிஜ எஞ்சின் போலச் சோதனை நடக்கும். தலைவர் வெள்ளைக் கையுறை போட்டு விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே வருவார். எல்லாம் யோஷி என்றால்தான் தகரப் பெட்டி திறக்கும், எண் தகடு வெளியே வரும்.

மசுயோவின் முறை வந்தது. குரானகா இடப்பக்கத்தில் தொடங்கினார். "சக்கரம், யோஷி! ஏறுபடி... அடடா, வளைஞ்சே இருக்கு. யோஷி! கைப்பிடி, யோஷி!" முப்பது கிழவர்களும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு எஞ்சினைத் திருப்பினார். விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

"என்னம்மா இது? பாதி எஞ்சினா?"

"அந்தப் பக்கத்த நான் பாத்ததில்ல டிரைவரையா. பாக்காதத எப்டிச் செய்யறது?"

"வரைபடம் இருக்கே!"

"வரைபடத்துல ஏறுபடி நேரால்ல இருக்கு?"

யாரோ பின்னாலிருந்து, "சோத்துப் பெட்டியும் பாதிதான் போட்டுக் குடுத்திருப்பா" என்றார். சிரிப்பு. மசுயோவும் சிரித்தாள். ஆனால் காது சிவந்துவிட்டது.

"பாதி எஞ்சின் பட்டறைய விட்டுப் போகாது" என்றார் குரானகா. "விதின்னா விதி. முடிச்சு எடுத்துட்டு வா, தகடு தர்றேன்."

"முடிஞ்சுதான் இருக்கு."

"இல்ல."

"முடிஞ்சிருச்சு."

வீடு திரும்பியதும் அவள் செய்த முதல் வேலை, சாயப் பெட்டியைத் திறந்ததுதான். டிரைவர் ஜன்னலுக்குக் கீழே, மயிரிழைத் தூரிகையால், பழுப்புநிறத்தில் ஒரு கறை வழிய விட்டாள். தேநீர் வண்டல்.

"என்னம்மா பண்றே?" என்றாள் ரிட்சுகோ.

"அவர் எஞ்சின்னு அடையாளம் வேணாமா?"

"வலப்பக்கத்தையும் செஞ்சு குடுத்துரேன். பாகமெல்லாம் பையில அப்படியே இருக்கு. படத்தப் பாத்து ரெண்டு வாரத்துல நானே முடிச்சுத் தர்றேன்."

"நீ படத்தப் பாத்துச் செய்யாதே. பாத்தவங்க செய்யட்டும்."

"பாத்தவங்க யாரு இருக்கா இன்னும்?"

அம்மா தூரிகையைக் கழுவிக்கொண்டே ஏதோ பாடினாள்.

இப்போது ரிட்சுகோ அந்தப் பையைத் திறந்து வலப்பக்கப் பாகங்களைச் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கினாள். நாற்பத்தேழு. வரைபடத்தையும் விரித்தாள். ஈயம் வைக்க வேண்டுமென்றால் பூச்சை உரிக்க வேண்டும். உரித்தால் கறையும் போய்விடும். சூடு காட்டினால் அம்மா வைத்த பற்றுகள் இளகிவிடலாம். அவள் பாகங்களை மறுபடி பையில் போட்டு மூடினாள்.

ஏப்ரலில் சங்கத்தின் கடைசிக் கூட்டம். முப்பது பேராக இருந்தவர்கள் ஏழு பேர் ஆகியிருந்தார்கள். இனி கூடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். ரிட்சுகோ எஞ்சினை அம்மா சோற்றுப் பெட்டி கட்டிய பழைய துணியில் சுற்றி எடுத்துப் போனாள். கேட்டுப் பார்ப்பது என்று மட்டும் நினைத்திருந்தாள்.

குரானகாவுக்கு எண்பத்தெட்டு. கையுறை மாட்டவே நேரம் பிடித்தது. இடப்பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது என்ன, துருவா?"

"தேத்தண்ணி வண்டல், ஐயா. மூணு வருஷம் முன்னாடி, நீங்க தகடு தரலன்னு சொன்ன அன்னிக்கு வச்சாங்க."

கிழவர் முதலில் சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு தோள் குலுங்கியது. "பொம்பளையா அவ! செத்தும் ஏசுறாளே!" கையுறையால் கண்ணைத் துடைத்தார். பின் நிமிர்ந்து, முழுக் குரலில், "வண்டல், யோஷி!" என்றார். ஆறு கிழவர்களும் கைதட்டினார்கள்.

எஞ்சினைத் திருப்பினார்.

"அப்படியேதான் இருக்கு" என்றார்.

"ஆமாய்யா."

"ரிட்சுப் பொண்ணே, நான் தலைவரா இருக்கற கடைசி நாள் இது. இன்னிக்குப் போய் விதிய உடைக்கச் சொல்றியா?"

"இல்லய்யா."

அவர் வெறுமையான வலப்பக்கத்தைப் பார்த்தபடியே இருந்தார். "இது கரி போடறவன் பக்கம். சகிமோட்டோ இருந்தா ஒண்ணுவிடாமச் சொல்லுவான். அவன் போய்ப் பதினஞ்சு வருஷமாச்சு. எங்களுக்கு நடைமேடைப் பக்கம்தான் இறங்கிப் பழக்கம். அந்தப் பக்கம் யார் நின்னு பாத்தா? காப்பகமும் ஒரு வேலியும்தான் இருந்துச்சு."

ரிட்சுகோவின் கை துணியைப் பிடித்தபடி நின்றுவிட்டது.

தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நட்ட வேலி. தார் வாசனை. மூன்று வயதில், நான்கு வயதில், ஐந்து வயதில் தினமும் அந்த இடுக்கில் முகத்தை வைத்து நின்றது அவள்தான். எதிர் நடைமேடையில் அம்மா தட்டோடு நிற்பாள். எஞ்சின் வந்து அம்மாவை மறைத்துவிடும். கறுப்பு. கொதிக்கும் தண்ணீர் சொட்டும் ஒரு வளைந்த குழாய். நசுங்கின ஒரு மூடி. கரித்தூள் முகத்தோடு ஒருவர் எட்டிப் பார்த்துக் காதை ஆட்டிக் காட்டுவார். அவள் அவரைப் பார்க்க மாட்டாள். குனிந்து, சக்கரங்களுக்கு நடுவே பார்ப்பாள். அங்கே அம்மாவின் கால்கள் இடமிருந்து வலம் போகும், திரும்பி வரும். ஒன்பது நிமிடம். பிறகு எஞ்சின் கிளம்பும், அம்மா முழுதாகத் தெரிவாள்.

"நான் பாத்திருக்கேன்" என்றாள் ரிட்சுகோ.

"என்னது?"

"வலப்பக்கத்த. மூணு வருஷம், தினமும். வேலிக்கு அந்தப் பக்கம் நான்தான் நின்னேன்."

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குரானகா தகரப் பெட்டியின் மேல் கையை வைத்தார். திறக்கவில்லை.

"எப்ப முடிப்பே?"

"ஆகஸ்ட் பதிமூணு. ஓபோன். வீட்டுக்கு வாங்க."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

"இருங்கய்யா."

அவள் வரைபடத்தை மடித்து இழுப்பறையில் போட்டாள். ஒரு வெள்ளைத் தாளில் ஞாபகம் வந்ததை மட்டும் எழுதினாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்கு வந்தாள். சூடு காட்டாமல், பூச்சைச் சுரண்டாமல், ஒட்டுப் பசையால் பாகங்களை வைத்தாள். சொட்டும் குழாயை வளைக்க நான்கு தடவை பிடித்தது. முதல் மூன்றும் அவள் கண்ணுக்கு ஒரு நூல் கூடுதலாகத் தெரிந்தன, வெட்டி எறிந்தாள். எதை வைத்து ஒரு நூல் என்று யாரேனும் கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. முப்பத்து மூன்று வருடத்தில் அளவு காட்ட முடியாத ஒன்றை அவள் கழித்தது அதுதான் முதல் தடவை. மூடியை ஒரு கரண்டிக் காம்பால் நசுக்கினாள். குச்சிகளை ஊறவைக்கத் தேவையில்லை, ஆனாலும் ஊறவைத்தாள். நாற்பத்தேழில் முப்பத்தெட்டு ஏறின. ஒன்பது பையிலேயே இருந்தன.

பதிமூன்றாம் தேதி வாசலில் வரவேற்பு விளக்கு ஏற்றியிருந்தது. மாடத்தில் தர்ப்பூசணியும், போனவர்கள் ஏறி வர வெள்ளரிக்காய்க் குதிரையும், திரும்பிப் போகக் கத்தரிக்காய் மாடும் வைத்திருந்தாள். குரானகா டாக்சியில் வந்து இறங்கினார். ஊதுவத்தி ஏற்றி, மணி அடித்து, மசுயோவின் படத்துக்கு முன் வெகுநேரம் உட்கார்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கையுறையை எடுத்தார்.

எஞ்சின் மாடத்துக்கு முன்னால் தாழ்மேசையில் வலப்பக்கத்தைக் காட்டி நின்றது.

"படி, யோஷி. குழாய்... ஆமா, இங்க சொட்டும். யோஷி! இந்த மூடிய நசுக்கினது சகிமோட்டோதான், மண்வெட்டியால. யோஷி!" விரல் இரண்டாவது சக்கரத்துக்கும் மூன்றாவதற்கும் நடுவே வந்து நின்றது. "இங்க ஒரு மணல் குழாய் இருக்கணும்."

"இல்லய்யா."

"இருந்துச்சு. சக்கரம் வழுக்காம மணல் விடறதுக்கு. இருந்தே ஆகணும்."

"அங்க ஒண்ணுமே இல்ல. நான் தினமும் அது வழியாத்தான் பாத்தேன்."

"எஞ்சின ஓட்டினது யாரு, நீயா நானா?"

"நீங்க எப்பவாவது கீழேர்ந்து பாத்தீங்களா?"

குரானகா அவளை முறைத்தார். பிறகு ஒரு கையை மேசையில் ஊன்றி, மெல்லக் குனிந்தார். இன்னும் குனிந்து, கன்னம் ஏறக்குறைய பாயைத் தொட, சக்கரங்களுக்கு நடுவே பார்த்தார். அப்படியே இருந்தார்.

"என்ன தெரியும் இது வழியா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"அம்மாவோட காலு. நீல கேன்வாஸ் ஷூ."

அவர் நிமிராமலே சொன்னார்: "இடது கால் சுண்டுவிரல்கிட்ட ஓட்டை."

"ஆமாய்யா."

"மேலேர்ந்தும் தெரியும்."

ரிட்சுகோ தாங்கிப் பிடித்து அவரை எழுப்பினாள். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றார். விரலை நீட்டினார். குரல் தெருவரை கேட்டது.

"வலப்பக்கம், யோஷி!"

தகரப் பெட்டி திறந்தது. நான்கு தகடுகள், ஒவ்வொன்றும் அரிசியை விடக் கொஞ்சம் பெரிது. மூன்றை ரிட்சுகோ வைத்தாள். வலப்பக்கத் தகட்டை அவரே வைக்க வேண்டுமென்றார். தகடு விரலிலேயே ஒட்டிக்கொண்டது. அவள் ஊறவைத்த குச்சியைக் கொடுத்தாள். மூன்றாவது முயற்சியில் தகடு உட்கார்ந்தது. நூற்றுப்பதினேழு.

அவள் தேநீர் கொண்டு வந்தாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மெதுவாகக் குடித்தார். வெளியே சுவர்க்கோழி கத்திக்கொண்டிருந்தது. கோப்பை முடிந்ததும் கை தன்னால் ஜன்னல் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றது.

"கொட்டுங்கய்யா" என்றாள் ரிட்சுகோ. "கீழ யாரும் நிக்கல."

குரானகா ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு வண்டலையும் சேர்த்துக் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.